அழுத்திய விரல்

"இன்னொரு தடவை அழுத்துங்க, தம்பி."

இன்ஜினீயரின் கண் மேஜைமேல் இருந்த பெட்டியை விட்டு நகரவில்லை. பெயிண்ட் கலக்கும் தொட்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த கன்ட்ரோல் பெட்டி அது. மோட்டாருக்குப் பதிலாக ஒரு பச்சை விளக்கையும், 'நிறுத்து' பட்டன் வேலை செய்தால் எரிய ஒரு சிவப்பு விளக்கையும் அவளே இணைத்திருந்தாள்.

ஆபரேட்டர் அழுத்தினான். சிவப்பு எரிந்தது.

"பாத்தீங்களா? ஒவ்வொரு தடவையும் எரியுது," என்றார் மேனேஜர். "பட்டன்ல ஒரு கோளாறும் இல்ல. சுத்தம் பண்ண ஆள் உள்ளே இறங்கறதுக்கு முன்னாடி இவன் அதை அழுத்தவே இல்ல. அழுத்தியிருந்தா பெட்டியில பதிவாகியிருக்கும். தொட்டி தானாச் சுத்தியிருக்காது. ஒரு உயிரும் போயிருக்காது."

"அழுத்தினேன் சார்," என்றான் ஆபரேட்டர் தரையைப் பார்த்தபடி.

விபத்து நடந்ததிலிருந்து அவன் வாயில் இந்த ஒரு சொல்தான். நம்புவாரில்லை. அவனை அழைத்துப்போக வாசலில் போலீஸ் ஜீப் காத்திருந்தது.

"அழுத்துங்க," என்றாள் அவள் மறுபடி.

சிவப்பு.

"போதும்மா!" மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "இன்னிக்கு வரவேண்டாம்னு உங்ககிட்ட எவ்வளவோ சொன்னேன். கேட்டாத்தானே? போயும் போயும் இவனுக்காகவா நீங்க வந்து கஷ்டப்படணும்?"

அவள் பெட்டியை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. கரன்ட் போனாலும் தன் பேட்டரியில ஓடும். விநாடிக்கு ஒரு தடவை அது பெட்டியோட மூளையான பிராசசரைக் கூப்பிடும். பிராசசர் கையில இருக்கற வேலையை அப்படியே போட்டுட்டு, தொட்டியைச் சுத்தவிடற நேரம் வந்தாச்சான்னு பார்க்கும். நடுவுல புகுந்து இப்படிக் கூப்பிடறதுக்குத்தான் இன்டரப்ட்னு பேரு. பட்டனும் அதே மாதிரிதான் கூப்பிடும். யார் கூப்பிட்டாலும் உள்ளே ஒரு குறி விழும்."

"சரி, கூப்பிடட்டும். அதுக்கென்ன?"

"நேரத்தைப் பார்த்து முடிச்சதும் பிராசசர் என்ன செய்யுது தெரியுமா? கூப்பிட்ட குறியையெல்லாம் ஒட்டுமொத்தமா அழிச்சிடுது. கடிகாரத்தோட குறியை மட்டும்தான் அழிக்கணும். புரோகிராம் எழுதினவங்க விட்ட ஓட்டை அது. பிராசசர் நேரம் பார்க்கற கண்ணிமைக்கற பொழுதுக்குள்ள யாராவது பட்டனை அழுத்தினா, அந்தக் குறியும் சேர்ந்து அழிஞ்சு போயிடும். அழுத்தினதுக்குத் தடயமே இருக்காது."

"லட்சத்துல ஒண்ணு!"

"அந்த ஒண்ணு நடந்துடுச்சோன்னுதான் பார்க்கறேன். அழுத்துங்க, தம்பி."

சிவப்பு. அவள் பெட்டியைப் பழையபடி ஓடவிட்டாள். மறுபடி சிவப்பு. ஆபரேட்டரின் விரல் நுனி கன்றிப்போயிருந்தது. மேனேஜர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒரு போலீஸ்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"மெஷின் மேல தப்புன்னா முழுப் பழியும் கம்பெனி தலையில விடியும்," என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி. "உங்களுக்கும் இதனால ஒரு லாபமும் இல்ல. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கம்மா."

"அழுத்துங்க."

அழுத்தினான்.

சிவப்பு எரியவில்லை.

மூவரும் மூச்சு விடாமல் பெட்டியையே பார்த்தார்கள். அவள் மெல்லக் கேட்டாள்: "அழுத்தினீங்கதானே?"

"அழுத்தினேன்! சார், நீங்க பாத்தீங்கல்ல? பாத்தீங்கல்ல சார்?"

மேனேஜரும் பார்த்திருந்தார். அவர் குனிந்து பெட்டியின் சின்னத் திரையில் தேடினார். அழுத்தியதாக எதுவும் பதிவாகவில்லை. அந்த நேரத்தில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. தொட்டி சுற்றத் தொடங்கும் நேரம்.

ஆபரேட்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தொட்டியில சிவப்பு விளக்கு கிடையாது, சார்," என்றாள் அவள். "பட்டன் வேலை செஞ்சுதா இல்லையான்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு போலீஸ்காரரிடம் சொல்ல வெளியே போனார். சற்று நேரத்தில் ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அவள் ஒவ்வொரு ஒயராகக் கழற்றத் தொடங்கினாள்.

ஆபரேட்டர் எழுந்து வந்து கைகூப்பினான். அன்றைக்கு முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். "ஊரே என்னைக் கொலைகாரன்னு சொல்லுது. நீங்க மட்டும் எனக்காக..."

"உங்களுக்காக மட்டும் இல்ல, தம்பி," என்றாள் அவள். "நீங்க அழுத்திட்டேன்னு சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் என் வீட்டுக்காரர் உள்ளே இறங்கினார். நம்பக்கூடாத ஆளை அவர் நம்பிடலைன்னு எனக்குத் தெரியணும்ல?"