அடிபட்டவர் வேலை

மலைக்கோயில் சீசனில் மீட்புக் குழுவில் வேலை கேட்டு மாசாணம் வருடா வருடம் நடையாய் நடந்தான். இந்த வருடம்தான் கூப்பிட்டார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, புதிதாகச் சேர்ந்தவர்கள் தூக்கிப் பழகுவதற்காக அடிபட்டவனைப் போலப் படுத்துக் கிடப்பதுதான் வேலை என்று. அடிவாரத்தில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை கயிற்றால் வரிந்து கட்டினார்கள்.

“ஏனுங்ண்ணா, இந்த முடிச்சு அவுக்க வராதுங்க,” என்றான்.

“மயக்கத்துல கெடக்கறவன் பேசுவானாப்பா? கம்முனு கெட,” என்றார் குழுவின் தலைவர் குப்பண்ணன்.

எரிச்சலை விழுங்கிக்கொண்டு கண்ணை மூடினான். அந்நேரம் பார்த்து மேலேயிருந்து விசில் சத்தம் கேட்டது. நிஜமாகவே ஒருவர் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருந்தார். இருந்ததோ ஒரே ஸ்ட்ரெச்சர். எல்லோரும் முடிச்சோடு மல்லுக்கட்டினார்கள்; இழுக்க இழுக்க அது இறுகியது. ஒருத்தரிடமும் கத்தி இல்லை.

“மேல சோடாக் கடையில கத்தி இருக்கும். அப்படியே தூக்குங்கப்பா!” என்று கத்தினார் குப்பண்ணன்.

மாசாணத்தோடேயே ஸ்ட்ரெச்சர் மலையேறியது. இறங்கி வந்தவர்கள் ஒதுங்கி நின்று, அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடந்தான். சோடாக் கடைக்கு எதிரே, கால் ஒடிந்து பாறையில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர் தன் வலியை மறந்து இவனை எட்டிப் பார்த்தார்.

“ஐயோ, உங்களுக்கு என்னங்க ஆச்சு?”

“வேலை கெடச்சிருச்சுங்க,” என்றான் மாசாணம்.