பாம்புக் காது

“உள்ள போனா டாக்டர் மொகத்தை நிமிர்ந்தே பார்க்காதீங்க. கால் கட்டைவெரலைப் பார்த்துக்கினு குந்துங்க. கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குனு பதில் சொன்னீங்க, அவ்ளோதான்,” என்றாள் மங்கையர்க்கரசி.

பயணியர் விடுதி வராந்தாவில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தம், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினான். பெரிய காஞ்சிபுரத்தில் தறிக்கார வீட்டில் பிறந்து பட்டாளத்துக்குப் போனவன். அறுபத்தைந்தாம் வருஷத்து யுத்தத்தில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்றதில் இரண்டு காதும் போய்விட்டன, தறிக் குழியில் காலை இறக்கினால் தலை சுற்றுகிறது, ஊனத்துக்கான பென்ஷன் வேண்டும் என்று மனுப் போட்டிருந்தான். மெட்ராஸில் அதைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு செய்ததில், மிலிட்டரி டாக்டர் ஒருவர் இன்றைக்குக் காஞ்சிபுரத்துக்கே வந்து பார்க்கிறார். இதுவும் போனால் மேற்கொண்டு போய் முறையிட இடம் கிடையாது. தறியை விற்றுவிட வேண்டியதுதான்.

போன தடவை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் மெட்ராஸ் டாக்டர் அவன் முகத்துக்கு நேரே சிரித்து, சரிப்பா, நீ போகலாம் என்றார். இந்த மகாராசன் கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டான். செவிடனுக்கு அது எப்படிக் கேட்டது என்று அந்த இடத்திலேயே எழுதி முடித்துவிட்டார்கள்.

தெருக்காரர்களும் அவனை நம்பவில்லை. டீக்கடையில் யாராவது சினிமாக் கதை சொன்னால் சரியான இடத்தில் சிரிக்கிறவனுக்கு என்ன செவிடு என்று கேலி பேசினார்கள். மங்கைக்குக் கேட்டுக் கேட்டு மனசு புண்ணாகியிருந்தது.

“இவரும் போகலாம்னு சொல்லுவாரு. எழுந்துடாதீங்க.”

“பின்னால நின்னுக்கினு எதையாவது போட்டு ஒடைச்சா?” என்று கேட்டான் சம்பந்தம்.

“அதைப் பத்தி எனக்குப் பயமில்ல. மொகத்தைப் பார்க்காம இருந்தாப் போதும்.”

இத்தனையும் ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். விடுதிக் காவலாளி துரைக்கண்ணு கைக்கெட்டும் தூரத்தில் சம்மணம் போட்டு லாந்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரே கண்ணாடியைத்தான் துடைக்கிறார். ஐயம்பேட்டைக்காரரான அவருக்குப் பாம்புக் காது. கொல்லைப்புறத்தில் குசுகுசுத்தால் வாசலில் இருந்தே சொல்லிவிடுவார் என்று பெயர். அதைக் கேள்விப்பட்டுத்தான், இந்தப் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லும்படி டாக்டர் அவரை அங்கே உட்காரவைத்திருந்தார்.

“ஆளு நம்மளையே பார்க்கறாரு மங்கை,” என்றான் சம்பந்தம்.

“பார்க்கட்டும்.”

நல்ல நெஞ்சழுத்தக்காரி. பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கேட்ட எதற்கும் சம்பந்தம் நிமிரவில்லை. பின்னால் நின்று கை தட்டினார். எனாமல் தட்டைத் தரையில் போட்டார். மங்கைதான் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். அவன் கட்டைவிரலோடு ஐக்கியமாகியிருந்தான். கடைசியில் அவர், சரி, போகலாம் என்று அன்பாகச் சொல்லிப் பார்த்தார். ஆள் அசையவில்லை.

டாக்டருக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். காது கேளாதவன் எதிராளி முகத்தைப் பார்த்துத் தவிப்பான், இவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே, யாரோ சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று மங்கையிடமே சொன்னார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் துரைக்கண்ணுவைக் கூப்பிட்டு, “வெளியே இவங்க என்ன பேசிக்கிட்டாங்க?” என்று கேட்டார்.

மங்கை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். அந்த ஆள் பார்க்கும்போதாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. தன்னாலேயே காரியம் கெட்டதே என்று அழுகை முட்டியது.

“காலையிலேருந்து ஓயாம பேசிக்கினுதான் இருந்தாங்க சார்,” என்றார் துரைக்கண்ணு.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“ஆனா சத்தம் வந்தாத்தானே கேக்கறதுக்கு? தறிக்காரங்க வூட்டு வழக்கம் சார் அது. தறி ஓடற சத்தத்துல தொண்டையைக் கிழிச்சிக்கினு இன்னா பிரயோசனம்? சின்ன வயசுலேருந்தே வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்குவாங்க. அந்தம்மா சொன்னதெல்லாம் இவருக்குப் புரிஞ்சிது. பக்கத்துலயே குந்தியிருந்த எனக்கு ஒரு சொல்லுகூடக் காதுல வுழல.”

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு சம்பந்தத்தின் தோளைத் தொட்டு நிமிர்ந்து பார்க்கவைத்தார். மனுக் கட்டை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு, “பென்ஷனுக்கு எழுதிடறேன், நீ போகலாம்,” என்று உரக்கச் சொன்னார்.

மங்கை அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள். சம்பந்தம் அந்தக் காகிதக் கட்டையும் அவள் கண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தான்: “இந்தத் தடவையும் போச்சா மங்கை?”