ஏழாம் நம்பர் கதை

இளநீரில் இரண்டு ஸ்ட்ரா இருந்தன. ஒன்று கலையரசனுக்கு, இன்னொன்று இன்னும் வந்து சேராத ஜெனிஃபருக்கு. மாமல்லபுரத்து மூன்று மணி வெயிலில் அவன் தன் பங்கை முடித்து, அவள் பங்கிலும் முக்கால்வாசியை இறக்கியிருந்தான்.

"அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள வழுக்கைதான் மிஞ்சும் போல கீது," என்றாள் இளநீர்க் கடை கன்னியம்மா.

அவன் காதில் அது ஏறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இதே கடையில்தான், அப்பா அம்மாவைப் பெண் கேட்டு அனுப்பட்டுமா என்று ஜெனிஃபரிடம் கேட்டிருந்தான். அடுத்த ஞாயிறு இங்கேயே பதில் சொல்கிறேன் என்றிருந்தாள். பதில் சரி என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. பிறக்கப்போகும் மூன்று பிள்ளைகளுக்கும் பெயர் வைத்து, மூத்தவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதுவரை வந்துவிட்டான்.

இருவரும் படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கடைசி வருடம். அவன் மெக்கானிக்கல், அவள் சிவில். இரண்டு பேருக்கும் மைனர் என்கிற துணைப்பாடம் மட்டும் ஒன்று: எழுத்து. கதை எழுதினால் கிரெடிட் உண்டு என்று நம்பிச் சேர்ந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அதில் கலையரசன் விமர்சனச் சிங்கம். அவன் சிவப்புப் பேனாவைத் திறந்தால் வங்கக் கடலே இரண்டடி பின்வாங்கும். அவனுடைய கோழிக் கிறுக்கலைக் கல்லூரி வாட்ச்மேன்கூட அடையாளம் சொல்லிவிடுவார்.

புதன்கிழமை வகுப்பில் ஷாரோன் மேடம் ஒன்பது பேரும் டைப் அடித்துத் தந்த கதைகளைப் பெயரில்லாமல், நம்பர் மட்டும் போட்டு, ஆளுக்கொன்றாக மாற்றிக் கொடுத்தார். இவனுக்கு வந்தது ஏழாம் நம்பர்.

அதில் முட்டுக்காட்டுப் படகுக்காரன் ஒருவன். பாசிமணி விற்கும் பெண்ணை வாரம் தவறாமல் படகில் ஏற்றிக்கொண்டு, தன் படகு, தன் துடுப்பு, தன் பெருமை என்று கரை சேரும்வரை பேசுவான். உனக்கு நீச்சல் தெரியுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. 'இப்படி ஒரு ஜென்மம் உலகத்தில் கிடையாது. நம்ப முடியவில்லை' என்று ஓரத்தில் எழுதினான் கலையரசன்.

கடைசிப் பக்கத்தில் அவளுக்கு வெளியூரில் பிழைப்பு கிடைக்கிறது. படகுக்காரனிடம் வந்து அழுகிறாள். நீ ஒரு வார்த்தை போகாதே என்று சொல்லு, இருந்துவிடுகிறேன் என்கிறாள். எழுதியது பூபாலனாகத்தான் இருக்க வேண்டும், வகுப்பில் அவன்தான் அழுமூஞ்சி என்று கலையரசன் முடிவுகட்டினான். பக்கத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரே கோடு. கீழே எழுதினான்: 'அழுகை வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் போகட்டும். படிக்கிறவன் மரத்துப்போகணும்.' திருத்திய தாள்கள் அன்று மாலையே மேடம் வழியாக எழுதியவர்கள் கைக்குத் திரும்பின.

மறுநாள் கேன்டீனில் ஜெனிஃபர் அவனைக் கேட்டாள். "கதைய திருத்துறவங்க சொன்னா அப்டியே கேட்டுடணுமா கலை?"

கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவன் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தான். நடுவில் அவள் தட்டில் இருந்த சமோசாவையும் முடித்தான். அவள் காலித் தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சரி என்றாள்.

இப்போது மணி நான்கரை. பதினோரு முறை போன் போட்டாயிற்று, ஸ்விட்ச் ஆஃப். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தது ஜெனிஃபர் இல்லை, அவளுடைய ஹாஸ்டல் அறைத்தோழி சிநேகா. கையில் ஒரு பழுப்புக் கவர்.

"ஜெனி வரமாட்டா கலை. பூனாவுல வேல கெடச்சிது. காலைலயே டிரெய்ன் ஏறிட்டா."

வலிக்கும் என்று கலையரசன் காத்திருந்தான். வலிக்கவில்லை. கன்னியம்மா என்னவோ கேட்டாள், உதடு அசைவது மட்டும் தெரிந்தது. வெயில் நெற்றியில் அடித்தது, சுடவில்லை. கையிலிருந்த இளநீரின் ஸ்ட்ராவில் வாய் வைத்து உறிஞ்சினான். உள்ளே ஒன்றும் இல்லாமல் அது கர்ரென்று இரைந்தது.

"என் கைல ஒரு வார்த்த சொல்லலயே," என்றான். யாரோ பேசுவதுபோல் இருந்தது.

சிநேகா கவரைத் திறந்து ஏழாம் நம்பர் கதையை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மூலைக்கு மூலை ஓடிய சிவப்புக் கோட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சொல்றதாதான் இருந்தா. நீதான் அத அடிச்சிட்ட."