சிவப்பாய் ஒரு வாசல்

"வருஷம் முழுக்கப் பூக்கணும்மா. ஆனா சிவப்பு மட்டும்தான்" என்றார் உமாசங்கர்.

போலாரம் நர்சரியின் பச்சை வலைக்கடியில் வெளிச்சம் தண்ணீருக்குள் அசைவது போல அசைந்தது. நர்சரிக்கார ஆக்னஸ் முன்னே நடக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் விறைப்பாகத் தொடர்ந்தார். கடைசியில் அவர் மனைவி சகுந்தலா.

"கேட்டுக்கு ரெண்டு பக்கமும் செம்பருத்தி. மேற்கு வெயில் நல்லா விழும்."

சகுந்தலாவுக்குத் துணுக்கென்றது. அவர்கள் வீட்டு வாசல் கிழக்கு பார்த்தது.

"இடது பக்கம் குழாயடி. எப்பவும் ஈரம்."

"அப்ப கல்வாழை வைங்க சார். ஈரம்னா அதுக்கு உசிரு."

"ஹவ், சரிதான். ஜன்னலுக்குக் கீழ வரிசையா இட்லிப் பூ."

கண்களைப் பாதி மூடி, காற்றில் விரலால் கோடு இழுத்தார். இல்லாத தோட்டம் ஒன்று அந்த விரல் நுனியில் சிவந்துகொண்டே போனது.

"ஏங்க, நம்ம ஜன்னலுக்குக் கீழ சிமெண்ட் தரையில்ல?"

"நீ சும்மா இரு சகு."

போன மாதம் இரண்டு மூன்று நாள் காலை நடைக்குப் போனவர் மத்தியானம்தான் திரும்பினார். எங்கே போனீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இப்போது இது.

"செவ்வரளி பாருங்க சார். தண்ணியே கேக்காது."

"நக்கோ, நக்கோ! வேணாம், அரளி விஷம். குழந்தை தவழுற வீடு."

சகுந்தலா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். மகள் பூர்ணா தவழ்ந்து முப்பது வருஷம் ஆகிறது. வீட்டை எதிர்த்து வினயைக் கட்டிக்கொண்டு போனவளின் பேரைக்கூட வீட்டில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர் இவர். இவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வெளியாள் முன்னால் அவர் தலை குனியக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி எங்க வரணும் சார்? உங்க வீட்டுக்குத்தானே?"

"பட்டான்செருவுக்கு. என் பொண்ணு பூர்ணா வீட்டுக்கு."

மனைவியின் முகத்தைப் பார்க்காமல், ஒரு செம்பருத்தி இலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அவ வீட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு பார்த்துட்டுத் திரும்பித் திரும்பி வந்துட்டேன். முதல் தடவை பேத்தியைப் பார்க்கப் போறோம், வெறுங்கையை வீசிக்கிட்டா போறது, சகு?"