அப்படி என்ன பேச்சு?

"நேரா நில்லுடி. ஆடினா ஊசி குத்தும், அப்புறம் என்னைத் திட்டாத."

சோடாபுட்டி விறைத்து நின்றாள். தடித்த கண்ணாடிக்காக வகுப்பே சேர்ந்து வைத்த பெயர் அது. பள்ளிப் பாவாடையின் ஓரத்தை இறக்கித் தைக்க வந்திருந்தாள். தையல்காரி அவள் காலடியில் மண்டியிட்டு, குண்டூசிகளை ஒவ்வொன்றாகத் துணியில் செருகினாள்.

தையல்காரியின் மகளுக்கு ஒரே தோழி இவள்தான். மகள் நாலு நாளாக வீட்டில் வாய் திறக்கவில்லை. போனைப் பிடுங்கியதோடு விட்டிருக்கலாம். மகளின் கன்னத்தில் ஓர் அறையும் விட்டிருந்தாள். நினைத்தால் இப்போதும் தையல்காரிக்குக் கை கூசியது.

"பள்ளிக்கூடத்துலயாவது பேசறாளா?"

"இல்ல ஆன்ட்டி. சாப்பாட்டையும் என் தலையில கட்டிடறா. அப்படியே இடுப்பையும் கொஞ்சம் பிரிச்சு விட்டுடுங்க."

தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"பையன் யாராவது... மறைக்காம சொல்லு. இனிமே அடிக்க மாட்டேன்."

"ஐயோ! அவளுக்குப் பசங்களைக் கண்டாலே ஆகாது."

"பின்ன, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு உனக்குப் போன். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அப்படி என்னடி பேச்சு? முன்னெல்லாம் மெஷின் பக்கத்துல உட்கார்ந்து என்கிட்ட கதை கதையா அளப்பா. இப்ப நான் வேண்டாதவளா ஆயிட்டேன்."

சோடாபுட்டி சுவரைப் பார்த்தாள்.

"போன மாசம் ஒரு வாரம் மட்டும் போனே இல்ல. ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்ல ஆன்ட்டி. அந்த வாரம் அங்கிள் வெளியூர் போயிருந்தாரு."

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"சொன்னா அவ என்னைக் கொன்னுடுவா."

"சொல்லும்மா. உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன்." நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தாள்.

சோடாபுட்டி குனிந்து அவளைப் பார்த்தாள்.

"நாங்க பேசிக்கவே மாட்டோம் ஆன்ட்டி. அவ போனைக் காதுல வச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருப்பா, நான் பாட்டுக்கு வீட்டுப்பாடம் எழுதுவேன். நீங்களும் அங்கிளும் கத்த ஆரம்பிச்சதும் போன் போட்டு, 'இவங்க அடங்கற வரைக்கும் லைன்ல இருடி'ம்பா... அவ்வளவுதான்."