டாக்டரம்மா கொடுத்த நாற்காலி

"நீங்க உக்காருங்க, டாக்டரம்மா."

மோசஸ் எழுந்து ஜன்னலோர இடத்தைக் காட்டினார். கும்மிடிப்பூண்டியிலிருந்து புறப்பட்ட மாலை மின்சார ரயில் இன்னும் கவரைப்பேட்டையைத் தொடவில்லை. கடைசி நேரத்தில் ஓடிவந்து ஏறியிருந்த இளமதி, வேண்டாமென்றால் அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வழக்கம்போல் மனசு உறுத்தியது.

எதிரே இருந்த ஞானம்மா சிரித்தாள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் சமைப்பவள் அவள்.

"இந்தாளு சீட்டு புடிக்கறதே குடுக்கறதுக்குத்தாம்மா. காலி வண்டில மொத ஆளா ஏறி உக்காருவாரு. அடுத்த ஸ்டேஷன் வர்றதுக்குள்ள யாரையாச்சும் கூப்ட்டு குட்த்துருவாரு. தானம் பண்ணப் பொறந்த மகராசன்."

மோசஸ் லேசாகச் சிரித்தபடி கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அந்த நல்ல குணம்தான் இளமதியைக் குத்தியது. தொழிற்பேட்டை மருத்துவமனையில் அவள் டாக்டர். சில மாதங்களுக்கு முன் மோசஸ் அவளிடம் வந்திருந்தார். இரும்பு ஆலையில் நாள் முழுக்க நடந்து கம்பி அடுக்கும் வேலை அவருக்கு. சாயங்காலமானால் காலுக்குள் ஏதோ ஊர்கிறது, பிடித்து இழுக்கிறது, தூங்கவே விடுவதில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்.

வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கால் வலி என்று அவள் எழுதத் தொடங்கிவிட்டாள். "வலின்னு சொல்ல முடியாதும்மா, அது வேற மாரி..." என்று அவர் இழுத்தபோதும் தலை நிமிரவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சத்து மாத்திரை கொடுத்து, வயசாகிறது, அவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகு அந்த வாடிய முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. மருந்தால் முடியாததை மனசாலாவது செய்வோம் என்று அவருடைய ஆலை மேனேஜரிடம் தானே பேசினாள். கெஞ்சாத குறைதான். லாரிகளை எடை போடும் வேபிரிட்ஜ் அறையில் மோசஸுக்கு நாற்காலி வேலை கிடைத்தது. சேதியைச் சொன்னபோது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நன்றியெல்லாம் வேண்டாம் என்று அவள் தடுத்துவிட்டாள். "கர்த்தர் உங்கள நல்லா வெச்சிருக்கணும்மா" என்று மட்டும் சொல்லிக் கைகூப்பிவிட்டுப் போனார்.

அதற்குத்தான் தினமும் இந்த இடம் என்று இளமதி நினைத்திருந்தாள். நோய் என்னவென்று கண்டுபிடிக்காத டாக்டருக்கு இவ்வளவு மரியாதை அதிகம் என்றும் நினைப்பாள்.

இன்னொரு உறுத்தலும் இருந்தது. போன மாதம் திருவள்ளூரில் டாக்டர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஓயாமல் காலை அசைக்க வைக்கும் ஏதோ ஒரு நோயைப் பற்றி. "காலாட்டறதுக்கெல்லாம் ஒரு வகுப்பா? எங்கம்மா ஒரு அதட்டல்ல நிறுத்திடுவாங்க" என்று உடன் வேலை செய்யும் டாக்டர் பீட்டரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, காய்ச்சல் என்று பொய் சொல்லி, சிறுவாபுரி முருகனைப் பார்க்கப் போய்விட்டாள். சன்னதியில் நின்றபோது முருகன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டியது. அப்போதுதான் மோசஸின் தோள்பை புடைத்திருப்பதைப் பார்த்தாள். சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், அதற்கு மேல் வேபிரிட்ஜ் மேஜையில் எப்போதும் வைத்திருப்பதாக அவர் சொல்லியிருந்த சின்ன பைபிள்.

"என்ன மோசஸ், எல்லாத்தையும் எடுத்துட்டு வர்றீங்க?"

"இன்னியோட நிறுத்திட்டாங்கம்மா."

ஞானம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. அவள்தான் துருவித் துருவிக் கேட்டாள். லாரி வந்து நிற்கும் நேரமெல்லாம் அறையில் ஆள் இருப்பதில்லை, வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று டிரைவர்கள் புகார் சொன்னார்களாம். மேனேஜர் கண்டித்துப் பார்த்தார். இன்று கணக்கைத் தீர்த்துவிட்டார். நர்சிங் படிக்கும் மகள் ஜெபாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றார் மோசஸ்.

"சும்மா குந்திகினு இருக்கற வேலைய வுட்டுட்டு வெளிய இன்னாய்யா சுத்தல் உனக்கு?" என்றாள் ஞானம்மா. மோசஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

இளமதி மோசஸையே பார்த்தாள். இத்தனை நாள் அவருடைய இடத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஒரு நாளாவது, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாளா? புது வேலை ஒத்துப்போகிறதா என்று கேட்டாளா? நல்லது செய்துவிட்டோம் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டாள்.

அவள் சட்டென்று எழுந்தாள்.

"இன்னைக்காவது நீங்க உக்காருங்க மோசஸ். காலையில முதல் வேலையா உங்க மேனேஜரைப் போய்ப் பார்க்கறேன். அந்த நாற்காலியை மறுபடி வாங்கித் தர்றது என் பொறுப்பு."

மோசஸ் காலியான இடத்தைப் பார்த்தார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். பிறகு, அவள் மனம் நோகக்கூடாதே என்பதுபோல மெல்லச் சொன்னார்.

"அந்தச் சேரு மட்டும் வேணாம்மா. உக்கார முடியாமத்தான் வேலையே போச்சு."