உண்ணிச்செடி யானை

உண்ணிச்செடிப் புதருக்குள் மாதியின் புருஷன் கேத்தனை மிதித்துக் கொன்ற யானை எதுவென்று ரேஞ்சர் மூன்று தடவை கேட்டுவிட்டார். "புதர் மறைச்சிருச்சு சார், பாக்கல" என்றே சொன்னாள் மாதி. அடையாளம் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதன் காலடியில் பால்குடிக்கிற குட்டி நின்றதை அவள் பார்த்திருந்தாள்.

அந்த உண்ணிச்செடியை வெட்டித் தோலுரித்து, வெந்நீரில் வேகவைத்து வளைத்து, நிஜ யானை உயரத்துக்குப் பொம்மை முடைவதுதான் அவள் பிழைப்பு. இன்று முடித்த யானையைக் கூடவே வேலை செய்யும் பொம்மி சுற்றிவந்து பார்த்தாள்.

"தூங்கிக்கிட்டே முடைஞ்சியாடி? வலது காதுல பாதியக் காணோம்."

மாதி தன் கைகளைப் பார்த்தாள். புதருக்குள் அவள் பார்த்த யானைக்கும் வலது காது பாதிதான் இருந்தது. வெளியே ரேஞ்சரின் ஜீப் வந்து நின்றது. அவசரமாக ஒரு குச்சியை எடுத்துக் காதில் செருகி வளைத்தாள். வெந்நீரில் வேகாத குச்சி. சத்தமாக முறிந்தது.